தொடாமல் விடும் கைவண்ணம்

பேலியகொடை மீன் சந்தையில் மொத்த வியாபாரம் விடியுமுன்பே சூடு பிடித்துவிடும். லொறிகள் வரிசையில் நிற்க, ஐஸ் உருகிக்கொண்டிருக்க, ஒழுங்காக நிறுக்கும் தராசை இன்னும் துல்லியமாக்குகிறேன் என்று அந்நேரத்தில் யாரும் கழற்றமாட்டார்கள். மென்பொருள் தொழிலின் ஆக உயர்ந்த நுட்பமும் இதுவே என்பேன். புதிய நிரலின் அழகை எல்லோரும் மெச்சுகிறோம். எழுதி முடித்ததை இன்றைக்கு வேண்டாமென்று எடுத்து வைத்தவரின் திறமை யார் கண்ணிலும் படுவதில்லை.

அந்த அடக்கத்துக்குச் சாட்சி கொழும்பை அடுத்த மாலபேயிலேயே இருக்கிறது. அங்குள்ள மிலேனியம் ஐ.டி. நிறுவனத்தை 2009இல் லண்டன் பங்குச்சந்தை 30 மில்லியன் டொலருக்கு வாங்கி, அதன் மென்பொருளுக்கு மாறத் தீர்மானித்தது. முதலில் மாறியது டர்குவாய்ஸ் என்ற சிறிய சந்தை. 2010 நவம்பர் 2ஆம் திகதி அங்கே வர்த்தகம் இரண்டு மணிநேரமளவில் நின்றுபோனது. அந்த மாதமே நடக்கவிருந்த முதன்மைச் சந்தையின் மாற்றத்தை லண்டன் உடனே ஒத்திவைத்தது. மாறியது 2011 பெப்ரவரி 14இல். அறிவித்த நாளைக் காப்பாற்ற அவசரத் திருத்தத்தோடு ஏற்றிவிடாமல் மூன்று மாதத்தை விட்டுக்கொடுத்த அந்த முடிவு ரசிக்கத்தக்கது. அப்படியும் பெப்ரவரி 25இல் சந்தை நான்கு மணிநேரத்துக்கு மேல் நின்றதே என்று கேட்கலாம். காத்திருந்தால் பிழையே வராது என்று யாரும் சொல்லவில்லை. வரும்போது எங்கே தேடுவது என்பது தெரியும், அவ்வளவுதான். கடைசி நேரத் திருத்தம் முதலில் கெடுப்பது அந்தத் தெளிவையே.

நியூயோர்க் பங்குச்சந்தையில் புதிய திட்டமொன்று தொடங்கிய 2012 ஆகஸ்ட் 1ஆம் திகதி இதைக் காட்டியது. அதற்கான நிரலை நைட் கெப்பிட்டல் நிறுவனம் எட்டு சேர்வர்களில் ஏழில் மட்டுமே ஏற்றியிருந்தது. எட்டாவதில் ஆண்டுக்கணக்காகத் தூங்கிய பழைய நிரல் விழித்துக்கொண்டு கண்டபடி பங்குகளை வாங்கி விற்றது. பதற்றத்தில் பொறியியலாளர்கள் சரியாக இருந்த ஏழு சேர்வர்களிலிருந்தும் புதிய நிரலை அகற்றினார்கள். பழைய நிரல் அவற்றிலும் எழுந்தது. முக்கால் மணிநேரத்தில் 440 மில்லியன் டொலருக்கு மேல் நட்டம்.

பாதுகாப்பு விடயத்தில் தாமதிக்க முடியாதே என்பது நியாயமான மறுப்பு. 2024 ஜூலை 19இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக் அனுப்பியதும் அப்படிப்பட்ட அவசரப் புதுப்பிப்புத்தான். 78 நிமிடங்களில் திரும்பப் பெற்றும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. அனுப்பியது தவறல்ல, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பியதே தவறு.

இந்தக் கலையின் உச்சம் கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத். தமது டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில் இனிப் புதிய வசதி சேர்ப்பதில்லை என்று 1990இலேயே அறிவித்தார். பிழை திருத்தினால் மட்டும் பதிப்பெண்ணில் பை எண்ணின் ஓர் இலக்கம் கூடும். 2021இல் வெளியான பதிப்பின் எண் 3.141592653.