பச்சை முயலும் குட்டிக் கோட்டும்

கலையும் அறிவியலும் சந்திக்கும் இடத்துக்கு உதாரணம் கேட்டால், ரொம்ப நாளாக நான் ஒரு பச்சை முயலைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன். பிரேசிலில் பிறந்து சிகாகோவில் வேலை செய்யும் எடுவார்டோ காட்ஸ் 2000-ல் அறிவித்த 'ஜிஎஃப்பி பன்னி'. முயலின் பெயர் ஆல்பா. இப்போதெல்லாம் அதைக் காட்டுவதில்லை. ஏன் மனம் மாறினேன் என்பதைக் குறித்து வைக்கத்தான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் அறிவியல். ஏக்வோரியா விக்டோரியா என்ற ஜெல்லிமீனில் ஒரு புரதம் இருக்கிறது. நீல ஒளி பட்டால் அது பச்சையாக ஒளிரும். ஒசாமு ஷிமோமுரா 1962-ல் அதைப் பிரித்தெடுத்தார். 1994-ல் மார்ட்டின் சால்ஃபி அதன் மரபணுவை ஒரு சின்னப் புழுவுக்குள் செலுத்தி, அதன் நரம்பணுக்களை ஒளிர வைத்துக் காட்டினார். ரோஜர் சியன் அதைப் பல நிறங்களுக்கு விரித்தார். மூவருக்கும் 2008-ல் வேதியியல் நோபல். ஆய்வகத்தில் இதன் வேலை அலங்காரம் இல்லை. ஒரு புரதத்தோடு இதைக் கோத்துவிட்டால், உயிருள்ள செல்லுக்குள் அந்தப் புரதம் எங்கே போகிறது, எப்போது உருவாகிறது என்று கண்ணால் பின்தொடரலாம். மாட்டின் கழுத்தில் கட்டிய மணி மாதிரி.

இந்த மரபணு உள்ள முயல் ஒன்றை பிரான்ஸின் அரசு வேளாண் ஆய்வு நிறுவனத்திலிருந்து பெற்று, அவிஞோன் நகரில் காட்சிக்கு வைத்து, பிறகு சிகாகோவில் தன் குடும்பத்தோடு வளர்ப்பது காட்ஸின் திட்டம். நிறுவனம் முயலை வெளியே விட மறுத்தது. அவர் ஆல்பாவை விடுவிக்கச் சொல்லி இயக்கம் நடத்தினார், பாரிஸில் சுவரொட்டி ஒட்டினார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. முயல் வெளியே வரவே இல்லை.

வந்தது ஒரே ஒரு படம்தான். காது முதல் வால் வரை ஒரே சீராகப் பச்சையாக ஜொலிக்கும் முயல். சிக்கலே அங்கேதான். ரோமம் உயிருள்ள செல் கிடையாது. நம் தலைமுடி மாதிரி அதுவும் செத்த பொருள். ஆய்வகத்தில் இந்த வேலையைச் செய்த லூயி-மாரி ஊட்பின் பின்னாளில் இதைத்தான் சொன்னார்: சரியான ஒளியில் கண்ணும் காதும் ஒளிரும், ஆனால் படத்தில் இருப்பது போல உடம்பு முழுக்க ஒளிராது. போதாததற்கு, அந்த வகை முயல்கள் ஆய்வுக்காக ஏற்கெனவே அங்கே இருந்தவை, காட்ஸுக்காக உருவாக்கப்பட்டவை அல்ல என்றும் சொன்னார். காட்ஸ் தரப்புக் கதை வேறு.

யார் சொல்வது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் வரவில்லை. காட்ஸின் ஆதரவாளர்கள் ஒரு நல்ல வாதம் வைக்கிறார்கள்: முயல் கலைப்படைப்பு இல்லை, அதைச் சுற்றி எழுந்த விவாதம்தான் படைப்பு என்று. பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த விவாதம் எதைப் பற்றி நடந்தது? 'கலைஞருக்கு இதைச் செய்ய உரிமை உண்டா' என்பதைப் பற்றி. மரபணு மாற்றம் என்றால் உண்மையில் என்ன, அது எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது என்பதைப் பற்றி இல்லை. சொல்லப்போனால் படம் அதற்குத் தடையாகவே நின்றது. ஒரு மரபணுவைச் செலுத்தினால் நினைத்தது அப்படியே நினைத்த அளவில் நடந்துவிடும் என்ற எண்ணத்தைத்தான் அது மனதில் பதித்தது. விளம்பரங்கள் சொல்வதும் அதையேதானே?

இதற்குப் பக்கத்தில் இன்னொரு படைப்பை வைத்துப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தின் சிம்பயோட்டிகா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஓரான் காட்ஸ், அயோனாட் ஸுர் இருவரும் செய்த 'விக்டிம்லெஸ் லெதர்'. பலியில்லாத தோல் என்று சொல்லலாம். (இந்த காட்ஸ் வேறு, முயல்காரர் வேறு.) கரையக்கூடிய பாலிமரில், சில சென்டிமீட்டர் உயரத்தில், தையல் இல்லாத குட்டிக் கோட். அதன் மேல் உயிருள்ள செல்கள். கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, குழாய் வழியாக ஊட்டத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள்.

2008-ல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் 'டிசைன் அண்ட் தி எலாஸ்டிக் மைண்ட்' கண்காட்சியில் இது இருந்தது. அங்கே பயன்படுத்தியவை எலியின் ஸ்டெம் செல்கள். அவை எதிர்பார்த்ததைவிட வேகமாக வளர்ந்தன. குழாய்கள் அடைத்துக்கொண்டன. ஒரு கை கழன்றுவர ஆரம்பித்தது. கண்காட்சி முடியும் முன்பே ஊட்டத்தை நிறுத்தி அதைச் சாகவிட வேண்டியதாயிற்று. ஒரு கோட்டைக் கொல்வதை நினைத்துத் தூக்கமே வரவில்லை என்று கண்காட்சிப் பொறுப்பாளர் பாவோலா அன்டொனெல்லி பின்னர் சொன்னார். கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தச் சங்கடம் நிஜம். அது பொருளா, உயிரா? அணைப்பது என்று சொல்வதா, கொல்வது என்று சொல்வதா? வாய்ப்பேச்சாக இருந்த கேள்வி ஒரு நாள் காலை அலுவலக முடிவாக மேஜைக்கு வந்துவிட்டது.

தலைப்பிலும் ஒரு குத்து இருக்கிறது. செல் வளர்ப்புக்கு வழக்கமாகப் பயன்படும் திரவத்தில் முக்கியமான பொருள் கன்றுச் சீரம். இறைச்சிக் கூடத்தில் வெட்டப்படும் சினைப் பசுவின் வயிற்றிலுள்ள கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது அது. ஆக, பலி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது, அவ்வளவுதான். கலைஞர்களே இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தார்கள். 2003-ல் பிரான்ஸின் நான்ட் நகரில் தவளைச் செல்களிலிருந்து வளர்த்த குட்டி ஸ்டேக்கை இதே குழு விருந்தாகப் பரிமாறியது. மாஸ்ட்ரிக்ட்டின் மார்க் போஸ்ட் ஆய்வகத்தில் வளர்ந்த பர்கரை லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னால் சமைத்துக் காட்டியது அதற்குப் பத்து வருடம் கழித்து, 2013-ல். சீரம் இல்லாமல் செல் வளர்ப்பது எப்படி என்பது அந்தத் தொழில்துறைக்கே பெரிய தலைவலியாக வந்து சேர்ந்தது. கலைஞர்கள் கை காட்டிய இடத்தில்தான் தொழில் தடுக்கி நின்றது.

என் வாதத்தில் ஓட்டை உண்டு, அதையும் சொல்லிவிடணும். குடுவையைப் பார்க்கும் ஒருவருக்குக் கன்றுச் சீரம் தெரியாது. யாராவது சொன்னால்தான் தெரியும். முயல் படத்தைப் போலவே கோட்டும் பக்கத்தில் ஒரு விளக்கம் இல்லாமல் நிற்காது. நானும் இதை நேரில் பார்த்ததில்லை, படங்களும் பேட்டிகளும்தான். (முயல் விஷயத்தில் அது பெரிய குறையில்லை. பார்வையாளர் யாருமே அதைப் பார்க்கவில்லையே!)

ஆனாலும் ஒரு வித்தியாசம் மிஞ்சுகிறது. கோட் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கலைஞர் நினைக்காத ஒன்று நடக்க அதில் இடம் இருந்தது, நடக்கவும் செய்தது. பச்சை முயல் படத்தில் எதுவும் தப்பாகப் போக வழியே இல்லை. இப்போது புதுத் தொழில்நுட்பக் கலை எதைப் பார்த்தாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இது தோற்க முடியுமா? செயற்கை நுண்ணறிவை வைத்துப் பெரிய திரையில் ஓயாமல் உருமாறும் வண்ணங்களைப் பார்க்கும்போதும் இதே கேள்வி வருகிறது. பல சமயம் பதில் 'முடியாது'. எந்த உருவம் வந்தாலும் அழகு என்று ஏற்றுக்கொள்ளும்படிதான் அமைத்திருக்கிறார்கள். அந்த இயந்திரம் எங்கே தடுமாறும், யாருடைய உழைப்பைத் தின்கிறது என்பது திரைக்கு வராது. அப்படியானால் அது தொழில்நுட்பத்தைப் பற்றிய கலையா, தொழில்நுட்பத்துக்கு ஒரு வரவேற்பறையா?

காட்ஸும் ஸுரும் தங்கள் கண்காட்சிகள் சிலவற்றை முடித்த விதத்தையும் இங்கே சொல்லணும். குடுவையைத் திறந்து, வந்தவர்களை அந்தத் திசுவைத் தொடச் சொல்வார்கள். நம் விரலிலும் காற்றிலும் உள்ள பாக்டீரியாவும் பூஞ்சையும் போதும், அது செத்துவிடும். பார்க்க வந்தவர் தொட்டுவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகணும்.

முயலை விட்டுவிட்டு இப்போது நான் காட்டும் உதாரணம் அந்தக் கைதான்.