மரச்சட்டமா, இரும்புச் சட்டமா?

'மரம் மக்கும், இரும்பு நிற்கும்' என்ற முடிவு மார்த்தாண்டம் வட்டாரத்தில் இன்று ஏறத்தாழக் கேள்விக்கு இடமற்றதாகிவிட்டது. மாடியின் முன்புறம் ஒரு மேடைத்தளம் நீட்ட வேண்டுமா, மொட்டைமாடிக்குக் கூரை வேய வேண்டுமா, எல்லாவற்றுக்கும் சதுர இரும்புக் குழாய்தான். பழைய ஓட்டு வீட்டைப் பிரிக்கும்போது ஆஞ்சிலிக் கழுக்கோல்களும் பலா உத்திரங்களும் மரக்கடைக்குப் போகின்றன. அந்தப் பணத்தில் குழாய் வந்து இறங்குகிறது. வளைகுடா நாட்டில் பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பணத்தில் கட்டும் மேடை அது. அதன்மேல் குழந்தைகள் ஓடி விளையாடப் போகிறார்கள். ஆகவே இம்முடிவு பௌதிகத்துக்கு எந்த அளவு பொருந்துகிறது என்று ஆராய்வது வீண் வேலை ஆகாது.

மரத்தின் பக்கம் பேசுகிறவர்கள் உடனே காட்டும் சான்று, தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை. மார்த்தாண்டவர்மர் காலத்தில், 1750ஆம் ஆண்டையொட்டி, பெருமளவில் புதுப்பிக்கப்பட்ட கட்டிடம் அது. 1956இல் மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னும் கேரளத் தொல்லியல் துறையே அதைப் பராமரித்து வருகிறது. இரண்டு பருவமழைகளும் பெய்யும் மண்ணில் மரக் கட்டுமானம் இவ்வளவு காலம் நிற்பது வியப்புக்குரியதே. ஆனால் 'நம் முன்னோர் மரம் அழியாதது' என்று அதற்குக் காரணம் கூறுவதை நான் ஒப்பமாட்டேன். அழியாத மரம் என்று ஒன்று உலகில் இல்லை.

அரண்மனையின் கூரையைச் சற்று நேரம் நின்று பாருங்கள். மிகச் சரிவான ஓட்டுக் கூரை. சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கும் இறவாரம். காற்று ஊடுருவும் மர அழிகள். மரத்துக்கும் மண்ணுக்கும் இடையே கருங்கல். மரத்தை உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு ஈரம் வேண்டும். மரத்தின் ஈரம் அதன் உலர் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை பூஞ்சை வளர்வதில்லை. மழையில் நனைந்தாலும் விரைவில் உலர வழிசெய்த கட்டிடம் இது என்பதுதான் அதன் ஆயுளின் இரகசியம். கல்லின்மேல் ஏறிவரும் கறையான் புற்றும் கண்ணில் பட்டுவிடும். கலைச் செதுக்கல்களைப் போற்றுபவர்கள் இந்த இறவாரத்தையும் சற்றுப் போற்றலாம். உள்ளே இருட்டு மிகுதி, படிகள் குறுகல் என்பன மெய்யான குறைகளே. அவற்றை மறைக்க வேண்டியதில்லை.

இப்போது இரும்புக்கு வருவோம். எஃகின் யங் குணகம் சுமார் 200 கிகாபாஸ்கல். தேக்குக்குச் சுமார் 12. ஏறத்தாழப் பதினேழு மடங்கு வேறுபாடு! இரும்புக் கட்சியினர் இங்கேயே வெற்றி முழக்கமிடுவர். பொறுங்கள். வளையும் சட்டத்தின் விறைப்பு, சதுர வெட்டுமுகத்தில், பக்க அளவின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 17இன் நான்காம் மூலம் ஏறக்குறைய 2. அதாவது இரும்புச் சட்டத்தைப் போல் இருமடங்கு பருமனுள்ள தேக்குச் சட்டம் அதே விறைப்பைத் தரும். பரப்பு நான்கு மடங்காகும். ஆனால் எஃகின் அடர்த்தி தேக்கைப்போல் சுமார் பன்னிரண்டு மடங்கு. ஆகவே மரச்சட்டத்தின் எடை இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். மாணவர்கள் இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

திண்ம இரும்புச் சட்டத்தை எவரும் பயன்படுத்துவதில்லை என்பது சரியான மறுப்பே. பொருளை நடுவிலிருந்து விலக்கி ஓரத்துக்குத் தள்ளினால் குறைந்த எடையில் மிகுந்த விறைப்பு கிடைக்கும். குழாயின் பெருமை அதுவே. தீமையும் அங்கேயேதான் ஒளிந்திருக்கிறது. குழாயின் சுவர் 2 மி.மீ. என்று கொள்வோம். துரு 1 மி.மீ. தின்றால் வலிமையில் ஏறத்தாழப் பாதி போயிற்று. 10 செ.மீ. சதுர மரத்தில் நான்கு பக்கமும் 1 மி.மீ. போனால் வளைவு வலிமையில் இழப்பு 6 விழுக்காடு அளவே. (மரம் இப்படிச் சீராகக் கெடுவதில்லை; பொருத்துகளிலும் வெட்டுமுனைகளிலும் ஈரம் உறிஞ்சி ஆழமாகவே உளுக்கும். ஆனால் தட்டிப் பார்த்தால் ஒலி மாறும். கத்தி முனை இறங்கும்.)

குழாய் உள்ளிருந்து கெடுவதை எப்படி அறிவது? திறந்த முனை வழியாகவும் பற்றவைப்பின் நுண்துளை வழியாகவும் நீர் உள்ளே புகுகிறது, வெளியேற வழியில்லை. துத்தநாகம் பூசிய குழாயும் பற்றவைத்த இடத்தில் பாதுகாப்பற்றதே. துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும். பற்றவைக்கும் பொறியின் வெப்பம் அதைவிடப் பல மடங்கு. ஆக, விசை மிகுதியாகச் சேரும் பொருத்திலேயே பூச்சு இல்லை. வெளியே எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் உட்புறத்துக்கு அது எட்டாது. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கடலோரங்களில் காற்றிலுள்ள உப்பு இவ்வேலையை மேலும் விரைவாக்குகிறது.

2019இல் திறந்துவைக்கப்பட்ட மார்த்தாண்டம் இரும்பு மேம்பாலத்தைச் சுட்டிக்காட்டி வாதிடுபவர்களும் உண்டு. பாலத்தின் தடித்த தகடுகளையும் வீட்டு மேடையின் மெல்லிய குழாயையும் ஒரே தராசில் வைப்பது முறையன்று.

கூரையைப் பொறுத்தவரை எடையும் ஒரு பாதுகாப்பு. 2017 நவம்பர் 30இல் ஒக்கிப் புயல் இம்மாவட்டத்தைத் தாக்கியது. வேகமாக வீசும் காற்று கூரைமேல் அழுத்தத்தைக் குறைத்து அதை மேல்நோக்கி இழுக்கும். ஓட்டுக் கூரையின் எடை அதற்கு ஓரளவு எதிர்நிற்கும். தகரக் கூரைக்கு அந்த எடை கிடையாது, அடித்தளத்தோடு பிணைக்கும் ஆணியும் திருகாணியுமே துணை. கூரையில் இரும்பின் இலேசைச் சிறப்பாகச் சொல்பவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால், இறவாரத்தின் கீழ் மழை படாத மேடைக்கு மரமே மேல். பிரித்த வீட்டின் நன்கு பழுத்த ஆஞ்சிலியும் பலாவும் கையில் இருக்கும்போது விற்பது நட்டம். மருந்தேற்றாத ரப்பர் மரம் மட்டும் வேண்டாம். அதிலுள்ள மாவுப்பொருள் வண்டுக்கும் பூஞ்சைக்கும் விருந்து. வெயிலும் மழையும் நேரே விழும் மேடைக்கு இரும்பு ஏற்றது, ஆனால் மூடிய குழாய் அன்று. எல்லாப் பக்கமும் கண்ணுக்கும் தூரிகைக்கும் எட்டுகிற கோண இரும்பு அல்லது ஐ-வடிவச் சட்டம். வெட்டித் துளையிட்ட பிறகு துத்தநாகம் தோய்த்து, பற்றவைப்பதற்குப் பதில் திருகாணியால் முடுக்கலாம். குழாய்தான் கிடைக்கிறது என்றால், முனைகளை அடைத்து, தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு சிறு துளை போடும்படி பட்டறைக்காரரிடம் கேளுங்கள். பற்றவைத்த ஒவ்வொரு இடத்திலும் துத்தநாகம் மிகுந்த வண்ணத்தை அன்றே அடிக்கச் சொல்லுங்கள்.