மூன்று அட்டை, ஒரே மருந்து

போன பொங்கலுக்கு விருதுநகர் போயிருந்தப்போ மாமா சட்டைப் பையிலிருந்து மூணு மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை, கையில் தீக்காயம். "மாப்ளே, டாக்டர் சொன்னதுக்கு மேல ஒண்ணு போட்டும் வலி கேக்க மாட்டேங்குது."

டாக்குமெண்டேஷன் படிச்சே பிழைப்பு நடத்துறவன் நான். இவ்வளவு மோசமான டாக்குமெண்டேஷனைப் பார்த்ததில்லை.

முதல் அட்டையில் டிராமடால் 37.5 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. டிராமடால் ஓபியாய்டு, அதாவது மார்ஃபின் வகையறா. 2018-இல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வந்தது. இந்தச் சேர்க்கைக்கு நியாயம் உண்டு. இரண்டும் வெவ்வேறு வழியில் வலியைக் குறைப்பதால் ஓபியாய்டு குறைவாகப் போதும். ஆனால் ஒன்றை மட்டும் கூட்ட முடியாது. வலிக்காக இன்னொன்று போட்டால் பாராசிட்டமாலும் கூடவே ஏறும்.

டாக்டர் எழுதியது நாளைக்கு 6. மாமா போட்டது 7. அதில் பாராசிட்டமால் 2275 மி.கி. காய்ச்சலுக்குன்னு தெருமுனை மெடிக்கல்ல வாங்கிய 650, மூணு வேளை: 1950. ராத்திரி சளி மாத்திரையில் 500. ஆக 4725. நல்ல ஆரோக்கியமான ஆளுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4000. அதைத் தாண்டினால் கல்லீரல் கெடும், அதுவும் உடனே வெளியில் தெரியாது. அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தப் பரிசோதனையில் நல்லவேளை ஒன்றுமில்லை.

மூணு அட்டையிலும் மூணு பிராண்ட் பெயர், பெரிய எழுத்தில். பாராசிட்டமால் மட்டும் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். நாட்டுக்கே லேபிளும் காலண்டரும் அச்சடித்து அனுப்புகிற ஊர் இது!

வேறென்ன மாத்திரை போடுறீங்கன்னு அவரிடம் யாரும் கேட்கவில்லை. குடிப்பீங்களா என்றும் கேட்கவில்லை. டிராமடாலோடு ஒரு கட்டிங் சேர்ந்தாலே மூச்சு மந்தமாகலாம். தூக்க மாத்திரை சேர்ந்தாலும் அப்படித்தான். எங்க பக்கம் வெடிக்கலவைக்கும் மருந்துன்னுதான் பேரு. அந்த மருந்துக்கு ஓர் அறையில் எத்தனை பேர், எவ்வளவு என்று கணக்கு உண்டு. 2012 முதலிப்பட்டி விபத்துக்குப் பிறகு அதை மாமாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தீக்காய வலி கட்டு மாற்றும்போது ஏறும், அப்புறம் இறங்கும். அதற்கு இரண்டையும் தனித்தனி மாத்திரையாக எழுதினால் டாக்டரே தேவைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாமே என்பது என் கட்சி. டாக்டர் நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை: "தனித்தனியா குடுத்தா வலிக்குற அன்னைக்கு டிராமடாலை மட்டும் அள்ளிப் போடுவாங்க." அதுவும் சரிதான். ஆனால் சீட்டில் 'பாராசிட்டமால் உள்ள வேறு மாத்திரை கூடாது' என்று தமிழில் ஒரு வரி எழுத என்ன தடை?

இப்போது அந்த வரியை அத்தைதான் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, மருந்து டப்பா மேல் ஒட்டியிருக்கிறார்.