குரலைத் தேடிச் சென்றோர்: ஜாஸ் பாடகியரும் கேட்போரின் பயணமும்

இசையைப் பற்றி எழுதும்போது பாடுவோரைப் பற்றியும் பாடலைப் பற்றியும் எழுதுகிறோம். கேட்போர் எங்கிருந்து வந்தனர், எவ்வாறு வந்தனர், எவரது அனுமதியுடன் உள்ளே அமர்ந்தனர் என்பன கலைக்குப் புறம்பான செய்திகளாகவே கொள்ளப்படுகின்றன. அச்சிட்ட பனுவலையே ஆதாரமாகக் கொண்டு வளர்ந்த நமது திறனாய்வுக்கு இது இயல்பான பழக்கமாயிருக்கலாம். ஆயின் ஜாஸ் பாடகியரின் நேரடி ஆற்றுகையைப் பொறுத்தவரை இப்பழக்கம் பெருந்தவறுக்கு இடமளிக்கிறது. அங்கு பாடுவோரின் பயணமும் கேட்போரின் பயணமும் சட்டத்தாலும் நிறவெறியாலும் தொழிற்சங்க விதிகளாலும் வரையறுக்கப்பட்டிருந்தன. எந்தக் குரல் எங்கு, எவருக்குக் கேட்டது என்பதை அறியாது அக்குரலின் கலையை மதிப்பிடுதல் இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் நியூயோர்க்கை நோக்குவோம். 1920களிலும் 1930களின் முற்பகுதியிலும் வசதி படைத்த வெள்ளையர் இரவு வேளைகளில் ஹார்லெமுக்குச் சென்று இசை கேட்பது நாகரிகமாயிற்று. கொற்றன் கிளப்பின் மேடையிலிருந்தோர் கறுப்பினத்தவர். மேசைகளில் அமர்ந்திருந்தோர் வெள்ளையர். 1933இல் எதெல் வாட்டர்ஸ் அங்கு ‘ஸ்ரோமி வெதர்’ என்ற பாடலைப் பாடினார். பல மைல் பயணஞ் செய்து வந்தவர் அதைக் கேட்டனர். அடுத்த தெருவில் வாழ்ந்த கறுப்பினத் தொழிலாளிக்கு அவ்வாயில் திறக்கவில்லை. கலையைத் தேடிச் செல்லும் பயணம் தன்னளவிலேயே மனிதரை மனிதரோடு நெருங்கச் செய்யும் என்ற தாராளவாத நம்பிக்கைக்கு இதைவிடத் தெளிவான மறுப்பு வேண்டியதில்லை.

இதற்கு எதிர்நிலையாக எழுந்ததே கஃபே சொசைற்றி. 1938 டிசம்பரில் பார்ணி ஜோசப்சன் கிரினிச் வில்லேஜில் திறந்த இவ்விரவு விடுதியில் மேடையிலும் மேசைகளிலும் நிறப்பாகுபாடு பேணப்படவில்லை. 1939இல் பில்லி ஹொலிடே ‘ஸ்ரேஞ் ஃபுரூட்’ பாடலை அங்கேதான் பாடத் தொடங்கினார். தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர் கும்பல்களாற் கொல்லப்பட்டு மரங்களில் தூக்கப்பட்ட கொடுமையைக் கூறும் அப்பாடலை எழுதியவர், புரொங்ஸ் பகுதியில் ஆசிரியராயிருந்த பொதுவுடைமையாளர் ஏபல் மீரோபோல். அது பாடப்பட்ட முறை நமது கவனத்துக்குரியது. பரிமாறுவோர் தம் பணியை நிறுத்துவர், விளக்குகள் அணைக்கப்படும், பாடகியின் முகத்தில் மட்டும் ஒளி விழும், பாடல் முடிந்ததும் அவர் மேடையை விட்டு அகல்வார், மீண்டும் வரமாட்டார்.

இதனை வெறும் நாடக உத்தியாகக் கொள்வோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. மது விற்பனையே இரவு விடுதியின் உயிர். பாட்டு அவ்விற்பனைக்குத் துணை. அவ்விடத்தில், அந்தச் சில நிமிடங்களுக்கு விற்பனை நின்றது. சரக்குப் பரிமாற்றத்துக்குப் பணிந்திருந்த கலை, அப்பரிமாற்றத்தைத் தனக்குப் பணிய வைத்தது. இசைத்தட்டில் இது நிகழாது. ஹொலிடே வழக்கமாகப் பாடிவந்த கொலம்பியா நிறுவனம் அப்பாடலைப் பதிவு செய்ய மறுத்தமையால் கொமடோர் என்ற சிறு நிறுவனமே அதனை வெளியிட்டது. அத்தட்டு பலரைச் சென்றடைந்தது மெய்யே. எனினும் அதைக் கேட்பவர் குடித்துக்கொண்டே கேட்கலாம், பேசிக்கொண்டே கேட்கலாம், நடுவில் நிறுத்தியும் விடலாம். விடுதிக்கு வந்தவருக்கு அவ்வுரிமை இருக்கவில்லை.

அதே பாடகியை 1947இல் போதைப்பொருள் வழக்கொன்றில் சிறைக்கு அனுப்பினர். 1948 மார்ச்சில் விடுதலையானபோது அவரிடம் விடுதி அனுமதி அட்டை இல்லை. மது விற்கும் இடங்களிற் பணியாற்ற நியூயோர்க்கிற் பொலிஸார் வழங்கிய அட்டை அது. 1940 முதல் 1967 வரை அந்நடைமுறை நீடித்தது. விடுதலையான சில நாட்களில், மார்ச் 27இல், கார்ணகி மண்டபத்தில் நிறைந்த சபைக்கு முன் அவர் பாடினார். மண்டபத்திற் பாடலாம், தெருமுனை விடுதியிற் பாடலாகாது! அவரது கலை வளர்ந்த சிற்றிடங்களிலிருந்து அவரைப் பிரித்து, பெருமண்டபங்களுக்கும் பிற நகரங்களுக்கும் துரத்தியது அச்சட்டம். நியூயோர்க்கில் வாழ்ந்த ஒருவர் அவரை ஒரு விடுதி மேசையருகே இருந்து கேட்க விரும்பின் வேறு நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அவரது பிற்காலக் குரலிலுள்ள சோர்வை அவரது சொந்த வாழ்வின் அவலமாக மட்டும் விளக்கும் திறனாய்வாளர், இந்தத் தொழிற்றடையை ஓர் அடிக்குறிப்பாகவேனும் சேர்த்துக்கொள்வது நன்று.

பிரித்தானியாவின் நிலை வேறு. முற்போக்காளருக்கு அது சங்கடமானதும்கூட. 1933இல் டியூக் எலிங்ரன் தமது குழுவினருடன் அங்கு சென்றார். பாடகி ஐவி அண்டர்சனும் உடன் சென்றார். தென் இலண்டனில் அக்குழுவைக் கேட்ட பதினாறு வயதினர் ஒருவர் கையிலிருந்த காசெல்லாம் தீர்ந்து நடந்தே வீடு திரும்பினார். அவரே பின்னாளில் மார்க்சிய வரலாற்றாசிரியராக அறியப்பட்ட எரிக் ஹொப்ஸ்போம். 1959இல் ஜாஸ் பற்றிய நூலை அவர் பிரான்சிஸ் நியூற்றன் என்ற புனைபெயரில் வெளியிட்டார். ‘ஸ்ரேஞ் ஃபுரூட்’ பதிவில் ஹொலிடேக்குத் துணையாக ஊதிய இடதுசாரி எக்காளக் கலைஞர் பிராங்கி நியூற்றனின் பெயரே அது. ஒரு கேட்போன் தான் கேட்ட கலைஞனின் பெயரைத் தன் எழுத்துக்குச் சூட்டிக்கொண்டமை, இவ்விசையின்பாற் கொண்ட பற்று அரசியற் பற்றிலிருந்து வேறாக நிற்கவில்லை என்பதற்குச் சான்று.

எலிங்ரன் வந்து ஈராண்டுகளுள், 1935இல், கதவு அடைபட்டது. பிரித்தானியக் கலைஞர்களுக்கு அமெரிக்காவிற் சமவாய்ப்பு இல்லை என இசைக்கலைஞர் சங்கம் முறையிட்டது. தொழில் அமைச்சு அமெரிக்கக் குழுக்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தியது. இத்தடை 1956 வரை நீடித்தது. ஆயினும் பாடகர் நுழையலாம்! அவர்கள் ‘பல்சுவை மேடைக் கலைஞர்’ என்ற வகையுள் அடங்கினர். சங்கத்தின் கண்ணில் இசைக்கலைஞர் அல்லர். 1948இல் எலா பிற்ஸ்ஜெரால்ட் இலண்டன் பலேடியத்தில் தோன்றியதும், 1954 பெப்ரவரியில் ஹொலிடே மான்செஸ்ரர், நொற்றிங்ஹாம், இலண்டன் அல்பேட் மண்டபம் ஆகிய இடங்களிற் பாடியதும் இந்த இடைவெளி வழியாகவே. அல்பேட் மண்டபத்தில் அவருக்குப் பின்னிருந்து வாசித்தது ஜக் பார்ணெலின் பிரித்தானியக் குழு.

குரல் கருவியன்று, பாடுதல் உழைப்பன்று என்ற கருத்து இவ்வகைப்பாட்டில் ஒளிந்திருக்கிறது. அதனால் விளைந்தது ஒரு நன்மையே எனினும் கருத்து கருத்தே. ஜாஸ் திறனாய்வாளருள் ஒரு சாராரும் பாடகியரை மெய்யான ஜாஸின் ஓரத்திலேயே நிறுத்தினர். தாளத்துக்குச் சற்றுப் பிந்திச் சொல்லை வைத்து, இராகத்தை மாற்றியமைத்துப் பாடிய ஹொலிடேயின் திறன் எந்த எக்காளக் கலைஞரின் திறனுக்கும் குறைந்ததன்று. சங்க விதியும் திறனாய்வும் அவரை ஒரே கண்ணாற் கண்டன.

கேட்போர் சும்மா இருக்கவில்லை. 1953 மார்ச்சில், கிழக்குக் கரை வெள்ள நிவாரணத்துக்கென விதிவிலக்குப் பெற்று, இலண்டன் கில்பேணில் நோமன் கிரான்ஸின் குழு வாசித்தது, எலாவும் பாடினார். அதே ஆண்டு செப்ரெம்பரில் ஸ்ரான் கென்ரனின் குழு டப்ளினில் வாசித்தபோது, தடைக்குட்படாத அயர்லாந்துக்கு ஆயிரக்கணக்கான பிரித்தானிய இரசிகர் கடல் கடந்தனர். இசைத்தட்டுகள் அவர்களிடம் இருந்தன. தட்டே போதுமானதாயின் அப்பயணம் தேவையற்றது.

தொழிற்சங்கத்தின் கோரிக்கை நியாயமற்றதென நான் கூறவில்லை. பரஸ்பரம் என்பது கௌரவமான கோட்பாடு. வேலையற்றிருந்த உள்ளூர்க் கலைஞனின் வயிறும் மெய்யானதே. ஆனால் தடையின் சுமை விழுந்தது எவர்மீது? தன் நாட்டிலேயே பல மேடைகள் மறுக்கப்பட்ட கறுப்பினக் கலைஞன்மீதும், வாரக்கூலியிற் கப்பற்கட்டணம் மிச்சம்பிடித்த இளைஞன்மீதும். வர்க்க அமைப்பொன்று செய்ததனாலேயே ஒரு செயல் வர்க்க நலனுக்குரியதாகிவிடாது. இதைச் சொல்லத் தயங்குவது சங்கத்துக்குச் செய்யும் உதவியாகாது.

ஒக்ஸ்போட்டில் அகதியாக இருந்த காலத்தில், 1936இல், அடோர்ணோ ஜாஸ் பற்றிய தமது கட்டுரையைப் புனைபெயரில் வெளியிட்டார். ஜாஸின் விடுதலைத் தோற்றம் போலி, அது சந்தைச் சரக்கு என்பது அவரது முடிவு. சந்தையைப் பற்றி அவர் கூறியது பெரும்பாலும் சரியே. ஆயின் அப்போது அந்நாட்டில் அமெரிக்கக் குழுவொன்றை நேரிற் கேட்பதே அரிது. கேட்போரை ஏமாற்றப்பட்ட திரளாக மட்டும் கண்ட அக்கோட்பாட்டில், டப்ளினுக்குக் கப்பலேறிய இளைஞனுக்கு இடமில்லை.

பாடகியின் பயணத்துக்கும் தடைகள் குறைவாயிருக்கவில்லை. 1954இல் அவுஸ்திரேலியாவுக்குச் சென்றுகொண்டிருந்த எலாவும் உடன் சென்றோரும், முதல் வகுப்புச் சீட்டு வைத்திருந்தும், ஹொனலுலுவில் விமானத்தில் மீண்டும் ஏற மறுக்கப்பட்டனர். சிட்னியில் அவரைக் கேட்க வந்தோர் கேட்க முடியாது போயிற்று. அவர் விமான நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார்.

ஆறாண்டுகளின் பின், 1960 பெப்ரவரி 13இல், பேர்லினில் அவர் பாடினார். பிறெக்ற் எழுதி வைல் இசையமைத்த கத்திக்கார மக்கியின் பாடலை ஆங்கிலத்திற் பாடத் தொடங்கியவர், நடுவில் சொற்களை மறந்தார். நிறுத்தவில்லை. மறந்ததையே பாடலாக்கினார், அதே பாடலை முன்னர் பாடியோரின் பெயர்களைச் சேர்த்தார், ஆம்ஸ்ரோங்கின் கரகரத்த குரலைப் போலச் செய்துகாட்டினார். நடிகர் தாம் நடிப்பதை மறைக்கலாகாது என்று கற்பித்தவரின் பாடலுக்கு இதைவிடப் பொருத்தமான ஆற்றுகை நிகழ்ந்திருக்குமா என்பது ஐயமே. கிரான்ஸ் அத்தவற்றைத் திருத்தாமல் இசைத்தட்டாக வெளியிட்டார். அன்று அங்கில்லாத நாம் அதை அறிவது அத்தட்டின் வழியாகவே. நேரடிக் கலையே உயிருள்ளது, பதிவு செத்தது என்போர் இதையும் கணக்கிற் கொள்ளட்டும்.

அவர் பாடிய டொய்ச்லாண்ட் மண்டபம் 1936 ஒலிம்பிக் விளையாட்டுக்களுக்காக நாசிகள் கட்டியது. மேற்கு பேர்லினில் இருந்தது. அப்பாடல் 1928இல் முதன்முதல் ஒலித்த அரங்கு நகரின் கிழக்குப் பகுதியில், பிறெக்ற்றின் குழுவினர் கையில் இருந்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் இரண்டுக்கும் இடையே மதில் எழுந்தது.