கொன்றுண்ணியின் வேதிக்குறிப்பும் கார்பரிலின் நஞ்சும்: ஒரு மதிப்பீடு

பூச்சிக்கொல்லியின் நச்சுத்தன்மையைத் தூய நீரில் நான்கு நாள் சோதித்து, பாதி உயிர்கள் மடியும் செறிவைக் கொண்டு குறிப்பது ஆய்வக மரபு. குளத்து நீரிலோ கொன்றுண்ணிகள் வெளியிடும் இயற்கை வேதிப்பொருள்களும் கலந்துள்ளன. இவ்வேறுபாட்டின் விளைவை அமெரிக்கச் சூழலியலாளர் ரிக் ரெலியாவும் மில்ஸும் 2001இல் வெளியிட்ட ஆய்வு புலப்படுத்தியது. சாம்பல் மரத்தவளையின் தலைப்பிரட்டைகளில், மேற்கூறிய நான்கு நாள் செறிவின் 3 முதல் 4 விழுக்காடே ஆன கார்பரில், சோதனைக் காலம் நீண்டபோது 10 முதல் 60 விழுக்காட்டைக் கொன்றது. கூண்டிலிட்ட சாலமாண்டரின் வேதிக்குறிப்பு நீரில் சேர்ந்தபோது இறப்பு 60 முதல் 98 விழுக்காடாக உயர்ந்தது.

எனினும் இதனைப் பொதுவிதியாக்குதல் பொருந்தாது. ரெலியா 2003இல் ஆறு இனங்களை ஆராய்ந்தபோது இரண்டில் மட்டுமே இக்கூட்டு விளைவு புலப்பட்டது; அதன் உச்சம் 46 மடங்கு. அவ்வெண்ணை மட்டும் எடுத்தாள்வது ஏனைய நான்கு இனங்களை மறைப்பதாகும். மேலும், இறப்பைக் கணக்கிடுவது விளைவைக் காட்டுமேயன்றி, அச்சம் உடலில் நஞ்சுக்கு எவ்வாறு துணைபோகிறது என்பதை விளக்காது. ஆகவே, தூய நீரில் வகுத்த பாதுகாப்பு வரம்பும் போதாது; அதனை ஒரே மடங்கால் திருத்துவதும் தீர்வாகாது. ஒவ்வோர் இனத்தையும் அது வாழும் நீரின் வேதிச்சூழலில் சோதிப்பதே தக்கது.