காசில்லாமல் இலத்திரனியல்

அப்புத்தளைத் தோட்டத்துப் பிள்ளை இலத்திரனியல் படிக்கக் கொழும்புக்குப் போய்ப் புத்தகம் தேட வேண்டியதில்லை. உயர்தரப் பௌதிகவியல் பாடத்திட்டத்திலேயே இருவாயி, திரான்சிஸ்டர், செயற்பாட்டு விரியலாக்கி, தர்க்கப் படலை எல்லாம் தமிழில் இருக்கின்றன. பரீட்சைக்கு அது போதும். கையில் சோல்டரிங் அயன் பிடிக்கத்தான் போதாது.

அதற்கு டோனி குபால்ட் ஆங்கிலத்தில் எழுதி இலவசமாக விட்ட மின்சுற்றுப் பாடங்கள் உண்டு. நேரோட்டத் தொகுதியில் தொடங்குங்கள். மனிதர் கொஞ்சம் வளவளவென்று விளக்குவார். ஆசிரியர் இல்லாமல் படிப்பவருக்கு அதுதான் வசதி.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஹான்ஸ் கமென்சிண்ட். 1971இல் 555 என்ற நேரச் சில்லை வடிவமைத்தவர். பின்னாளில் சில்லு வடிவமைப்பு பற்றி முழுப் புத்தகமே எழுதி, அதையும் இணையத்தில் சும்மா கொடுத்தார். செய்தவரே சொல்லித் தரும் பாடம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? ஆனால் அது கடினம், பிறகு வாசிக்கலாம்.

முதலில் 555இன் தரவுத்தாளை எடுங்கள். இரண்டே பக்கம் போதும்: கால்களின் படம், அலையச் சுற்று. 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம் தடையிகள், 10 மைக்ரோபரட் கொள்ளளவி, 9 வோல்ட் பற்றரி. வெளியீட்டுக் காலில் 470 ஓம் தடையியுடன் ஓர் எல்.ஈ.டி. பல்ப். ஏறத்தாழ விநாடிக்கொரு தடவை மின்னும். தடையிகள் பழைய ரேடியோப் பலகையிலேயே கிடைக்கும்.

லயத்தில் சிக்னல் சரியில்லையா? டவுனுக்கு வரும்போது எல்லாவற்றையும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.