அர்ஜுன் டாங்கியின் 120 மிமீ குழல்: ஒரு மதிப்பீடு

அர்ஜுன் என்பது திருவள்ளூர் மாவட்டம் ஆவடியில் வடிவமைக்கப்பட்டு, அங்குள்ள கனரக வாகனத் தொழிற்சாலையில் உருவாக்கப்படும் இந்தியப் போர் டாங்கி ஆகும். இதன் பீரங்கிக் குழல் 120 மிமீ உள்விட்டமும், உட்புறத்தில் திருகு வரிகளும் கொண்டது. இந்தியத் தரைப்படையின் பெரும்பான்மை டாங்கிகளான டி-72, டி-90 ஆகியவை வரிகளற்ற 125 மிமீ குழல் கொண்டவை. ஒரே தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் டாங்கிகளுக்கு இரு வேறு குண்டுகள் தேவைப்படும் இந்த நிலையைக் கட்டுரை மதிப்பிடுகிறது.

காலிபர் என்னும் அளவு

துப்பாக்கி அல்லது பீரங்கிக் குழலின் உள்விட்டம் காலிபர் எனப்படுகிறது. எனினும் விட்டம் மட்டும் போதாது. 7.62×51, 7.62×39 என்னும் இரண்டு தோட்டாக்களிலும் முதல் எண் ஒன்றே. இரண்டாவது எண் தோட்டா உறையின் நீளத்தை மில்லிமீட்டரில் குறிக்கிறது. ஒன்றுக்கான துப்பாக்கியில் மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது. ஆகவே காலிபரைத் தீர்மானிக்கும்போதே தோட்டாவைச் செய்யும் ஆலை, சேமிக்கும் கிடங்கு, போர்முனைக்கு எடுத்துச் செல்லும் வண்டி ஆகியவையும் பல பத்தாண்டுகளுக்குத் தீர்மானமாகி விடுகின்றன.

ஆவடியின் வரலாறு

ஆவடியில் உருவான முதல் டாங்கியான விஜயந்தா 1965இல் வெளிவந்தது. அதன் குழல் 105 மிமீ. சோவியத் நாட்டிலிருந்து வந்த டி-55 டாங்கிகள் 100 மிமீ குழல் கொண்டிருந்தன. பின்னர் அவற்றுக்கும் 105 மிமீ குழல் பொருத்தப்பட்டது. இதனால் பிரித்தானிய வழி வந்த டாங்கியும் சோவியத் டாங்கியும் ஒரே வகைக் குண்டைப் பயன்படுத்த முடிந்தது. இந்தியத் தரைப்படை காலிபரைச் சரியாகக் கையாண்டதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

அர்ஜுன் திட்டத்துக்கு 1974இல் அரசு ஒப்புதல் அளித்தது. அப்போது இந்தியாவிடம் டி-72 இல்லை. பிரித்தானியாவின் சீப்டன் டாங்கி 120 மிமீ திருகுவரிக் குழலுடன் இயங்கி வந்தது. கவசத்தில் அப்பிக்கொண்டு வெடிக்கும் வகைக் குண்டுக்குத் திருகுவரிக் குழல் ஏற்றது. அவ்வகைக் குண்டு காப்பரண்களையும் கட்டடங்களையும் தகர்க்கவும் உதவும். எனவே தொடக்கத் தேர்வைத் தவறு என்று கூற முடியாது.

எங்கே பிழை?

சூழல் மாறிய பின்னரும் தேர்வை மறுபரிசீலனை செய்யாததே குறை. டி-72 டாங்கிகள் படையில் சேர்ந்து, பின்னர் ஆவடியிலேயே உருவாக்கப்பட்டன. 2001இல் டி-90 வாங்க ஒப்பந்தம் ஏற்பட்டது. இதற்குள் கவசத்தைத் துளைப்பதில் இறகு பொருத்திய நீண்ட ஊடுருவிக் குண்டு முதலிடம் பெற்றிருந்தது. அதை நிலைப்படுத்த இறகே போதும், சுழற்சி தேவையில்லை. திருகுவரிக் குழலில் அதைச் சுடுவதற்குச் சுழற்சியைக் குறைக்கும் வழுக்கு வளையம் தேவைப்படுகிறது.

இதன் விளைவுகள் மூன்று:

* அர்ஜுன் முதல் வகையில் 124, மார்க் 1ஏ வகையில் 2021 செப்டம்பரில் 118 எனத் தரைப்படை கோரியவை மொத்தம் 242 மட்டுமே. 125 மிமீ டாங்கிகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. சிறு எண்ணிக்கைக்குத் தனிக் குண்டு செய்யும்போது ஒவ்வொரு குண்டின் விலையும் கூடுகிறது.
* டி-90 தன் குழல் வழியே இன்வார் ஏவுகணையைச் செலுத்துகிறது. அர்ஜுனுக்கு அது பொருந்தாது. எனவே வேறோர் ஏவுகணை உருவாக்கப்பட்டு 2020இல் சோதிக்கப்பட்டது.
* போர்க்காலத்தில் அர்ஜுன் பிரிவுக்குக் குண்டு தீர்ந்தால், பக்கத்து டி-90 பிரிவிடமிருந்து ஒன்றைக்கூடக் கடன் பெற முடியாது.

மூன்றாவது விளைவே கடுமையானது. அதன் விலையை டாங்கிக்குள் இருக்கும் நால்வர் உயிரால் கொடுக்க நேரிடலாம்.

120 மிமீ குழலின் துல்லியத்தை அர்ஜுன் ஆதரவாளர்கள் எடுத்துக்காட்டுவர். அது நியாயமான வாதமே. ஆனால் பிரித்தானியாவும் நீண்டகாலம் இதே வாதத்தை முன்வைத்து, இறுதியில் சேலஞ்சர் 3 டாங்கிக்குக் கூட்டணி நாடுகள் பயன்படுத்தும் வரிகளற்ற 120 மிமீ குழலை ஏற்றது.

துப்பாக்கிகளில் இதே சிக்கல்

1990களில் இன்சாஸ் துப்பாக்கியுடன் இந்தியத் தரைப்படை 5.56×45 தோட்டாவுக்கு மாறியது. 2019இல் 72,400 சிக் 716 துப்பாக்கிகள் 7.62×51 அளவில் வாங்கப்பட்டன. 2021இல் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏகே-203 துப்பாக்கிகளை 7.62×39 அளவில் அமேதியில் உருவாக்க ஒப்பந்தமானது. திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையின் திருச்சி அசால்ட் ரைபிளும் இந்த அளவே. ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. மூன்றையும் சேர்த்துப் பார்க்கையில், காலாட்படையின் தோட்டா வழங்கல் மூன்று கிளைகளாகப் பிரிந்துள்ளது.

பொதுமக்கள் துப்பாக்கிகளில் அரசின் நோக்கம் நேர்மாறானது. படையின் தோட்டா வெளியார் துப்பாக்கிக்குப் பொருந்தக் கூடாது என்பதே அங்கு விதி. படைக்குரிய .303 தனியாருக்குத் தடை செய்யப்பட்டதால், உரிமம் பெற்றோருக்கு .315 துப்பாக்கியும் .32 கைத்துப்பாக்கியும் அரசு ஆலைகளில் செய்யப்பட்டன. கிடங்கிலிருந்து திருடப்பட்ட தோட்டாவுக்கு ஊரில் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற கணக்கு இதில் தெளிவாக உள்ளது. தனியார் கையில் உள்ள துப்பாக்கிக்குக் காட்டிய இந்த முன்யோசனையை அரசு தன் டாங்கிகளுக்குக் காட்டவில்லை.

முடிவு

ஆவடியிலுள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனத்தின் பங்களிப்பில் உருவான சோராவர் இலகு டாங்கி, விஜயந்தாவின் அதே 105 மிமீ அளவுக்குத் திரும்பியுள்ளது. எடை குறைந்த மலைப்பகுதி டாங்கிக்கு இது பொருத்தமானதே. ஆயினும் படையில் இப்போது 105, 120, 125 என மூன்று டாங்கிக் குண்டுகள் தேவைப்படும். டி-72க்கு மாற்றாக வரவுள்ள டாங்கியின் குழல் அளவை முடிவு செய்யும் முன்பு, அதன் குண்டை எந்த ஆலை, ஆண்டுக்கு எத்தனை செய்யும் என்பதை எழுத்தில் உறுதி செய்ய வேண்டும். சோதனைத் திடலில் கிடைக்கும் துல்லியத்தை அதன் பிறகே ஒப்பிட வேண்டும்.